மருந்தைத் தாங்கும் உடல்

நோயுற்றவனுக்கு மருந்து வேண்டும் என்பதனை யாவரும் அறிவர். அம்மருந்துக்கும் ஒரு துணை வேண்டும் என்பதனை எண்ணிப் பார்ப்போர் சிலரே. திருவள்ளுவர் ‘மருந்து’ என்று பெயரிட்டு ஓர் அதிகாரம் அமைத்துள்ளார். வேர், பட்டை, தழை முதலியவற்றின் குணங்களை அங்கே தேடிச் செல்பவர் வெறுங்கையுடனே திரும்புவர். அவ்வதிகாரத்துப் பத்துக் குறள்களுள் ஆறு, உண்ணும் முறையையும் உணவின் அளவையுமே பேசுகின்றன. மருந்தைப் பற்றிச் சொல்ல வந்த புலவர் சோற்றைப் பற்றிச் சொல்வானேன் என்று வியப்பவர் உளர். அவ்வியப்பு, சென்னை மாநகரில் எழுபது ஆண்டுகளுக்குள் நடந்த சில ஆராய்ச்சிகளை அறிந்தபின் தானே நீங்கிவிடும்.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் காசநோய் என்ற பெயரைக் கேட்டாலே குடும்பங்கள் நடுங்கின. நல்ல காற்றும், முழு ஓய்வும், பாலும் முட்டையும் இறைச்சியும் நிறைந்த உணவுமே அதற்குச் சிகிச்சை என்று உலகெங்கும் கருதப்பட்டது. அதற்கென ஊருக்கு வெளியே தனி மருத்துவ நிலையங்கள் எழுந்தன. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் 1928-ல் தோன்றிய நிலையம் அத்தகையது. ஆனால் படுக்கைகளோ சில, நோயாளிகளோ பலர். நெருக்கமான சந்துகளில், ஓர் அறைக்குள் ஐவரும் அறுவரும் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு அந்நிலையங்களின் வாயில் எளிதில் திறக்கவில்லை. அவர்கள் இருமிக்கொண்டே வேலைக்குச் சென்றனர். வேலைக்குச் செல்ல இயலாதபோது படுத்தனர்.

1944 முதல் 1952 வரையிலான எட்டாண்டுகளில் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோனியசிட் என்னும் மூன்று மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காசநோய்ச் சிகிச்சைக்கு வந்தன. அப்போது ஒரு கேள்வி எழுந்தது. கிருமியைக் கொல்லும் மருந்தே கையில் இருக்கும்போது, நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாகாதா? இக்கேள்விக்கு விடை காண்பதற்காக 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி இதனை நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் ஆய்வுகளை முன்னின்று நடத்தினார். இன்று அந்நிலையமே தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரால் வழங்குகின்றது.

முதல் ஆய்வில் 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் அவர்கள் இரு பிரிவினராக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மருத்துவ நிலையத்தில் தங்கினர். மற்றவர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இருவர்க்கும் ஒரே மருந்து, ஒரே அளவு, ஓராண்டுக் காலம். நிலையத்திலிருந்தோர்க்கு ஓய்வும் சத்துள்ள உணவும் கிடைத்தன. வீட்டிலிருந்தோரின் உணவு பெரும்பாலும் சோறே; பாலும் முட்டையும் அவர்கட்கு அரியன. அவர்கள் உண்மையில் மருந்தை விழுங்குகின்றனரா என்பதனை அறிய, நிலையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர், சிறுநீரைச் சோதித்தனர்.

1959-ல் முடிவு வெளியாயிற்று. நிலையத்தில் இருந்தோரில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் இருந்தோரில் நூற்றுக்கு 86 பேரும் ஆண்டின் இறுதியில் கிருமி நீங்கி நலம் பெற்றிருந்தனர். இச்சிறு வேறுபாடு பெரிதாகக் கருதப்படவில்லை. நெடுங்காலமாக நிலவிய கொள்கை சரிந்தது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுத் திண்ணைக்கு வந்தது. 1961-ல் உணவைப் பற்றியே தனியாக ஓர் அறிக்கை வந்தது. மருந்து ஒழுங்காகச் சென்றால், வறிய உணவும் கிருமியின் அழிவைத் தடுப்பதில்லை என்று அது கூறிற்று.

இவ்விடத்தில் ஒருவர் நூலை மூடிவிட்டு, உணவு முக்கியமன்று என்று முடிவு கட்டிவிடக்கூடும். பலர் அவ்வாறே முடிவு கட்டவும் செய்தனர். ஆனால் அவ்வாய்வு கேட்ட கேள்வி, மருந்து கிருமியைக் கொல்லுமா என்பதே. உடல் அம்மருந்தைத் தாங்குமா என்பது வேறொரு கேள்வி. அதற்கு விடை, அதே நிலையத்தின் அடுத்த ஆய்வில் எதிர்பாராத வகையில் கிடைத்தது.

பாஸ் என்னும் மருந்து விலை மிக்கது, மிகுதியான அளவில் உட்கொள்ள வேண்டுவது, வயிற்றைப் புரட்டுவது. ஐசோனியசிட்டோ மலிவானது, சிறு மாத்திரையில் அடங்குவது. எனவே பாஸ் இன்றி ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால் போதுமா என்று பார்க்க விரும்பினர். வழக்கமான அளவு பெற்றவரும் இருந்தனர். உடல் எடையில் கிலோவுக்கு 8 முதல் 9 மில்லிகிராம் வரை உயர்ந்த அளவு பெற்றவரும் இருந்தனர். உயர்ந்த அளவு உண்டவர்களில் சிலர் சில மாதங்களுக்குப்பின் ஒரு புதிய குறையுடன் வந்தனர். பாதங்கள் மரத்தன, பிறகு எரிந்தன. இரவில் போர்வை பட்டாலும் காலில் நெருப்புப் பட்டது போன்ற வேதனை. சிலர்க்குக் கைவிரல்களும் குறுகுறுத்தன. நெஞ்சு நோய்க்கு மருந்து உண்டவர்க்குக் காலில் நோய் வந்தது எங்ஙனம்?

ஐசோனியசிட் நரம்புகளைத் தாக்கக்கூடும் என்பது மேனாடுகளில் முன்னரே தெரிந்திருந்தது. 1954-ல் பீல், வில்ட்டர் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர் காரணத்தையும் கண்டிருந்தனர். நம் நரம்புகள் செவ்வனே இயங்குவதற்குப் பிரிடாக்சின் என்னும் வைட்டமின் பி6 வேண்டும். ஐசோனியசிட் உடலுக்குள் சென்றதும் இந்த வைட்டமினோடு பிணைந்து, அதனைப் பயனற்றதாக்கிச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகின்றது. கருவூலத்தில் பொருள் நிறைந்த ஊரில் கொள்ளையன் ஒருவன் சிறிது அள்ளிச் சென்றால் பெருங்கேடில்லை. களஞ்சியமே வறண்டு கிடக்கும் ஊரில் அதே கொள்ளை பஞ்சத்தில் கொண்டுபோய் விடும். பருப்பு, மீன், முட்டை, இறைச்சி, வாழைப்பழம், தவிடு நீங்காத தானியம் ஆகியவற்றில் பிரிடாக்சின் உண்டு. தீட்டிய அரிசிச் சோற்றையும் நீர்த்த குழம்பையும் நம்பி வாழ்ந்த நோயாளியின் களஞ்சியத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்பதனை ஊகித்துக்கொள்ளலாம்.

இதனோடு மற்றொரு காரணமும் சேர்ந்தது. ஐசோனியசிட்டை உடைத்து மாற்றும் வேலையைக் கல்லீரல் செய்கின்றது. அவ்வேலை சிலர்க்கு விரைவாகவும் சிலர்க்கு மெதுவாகவும் நடைபெறும். இது தாய் தந்தையரிடமிருந்து வழிவழியாக வரும் இயல்பு; உணவால் வருவதன்று. தென்னிந்தியருள் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவாக மாற்றும் இயல்பினர். அவர்களுடைய இரத்தத்தில் மருந்து நெடுநேரம் தங்குகின்றது. சென்னை ஆய்வில் கால் எரிச்சலுக்கு ஆளானோருள் இவ்வியல்பினரே மிகுந்திருந்தனர். பிறவி இயல்பு ஒருபுறமும் வறிய உணவு மறுபுறமும் நெருக்க, நடுவில் நரம்பு நலிந்தது.

நல்வேளையாக, சிகிச்சையும் அருகிலேயே இருந்தது. சிறிதளவு பிரிடாக்சின் அடங்கிய பி தொகுதி வைட்டமின் கொடுக்கப்பட்டபோது வேதனை தணியலாயிற்று. பின்னர் 1960-களில் அந்நிலையத்தார் தொடர்ந்து ஆராய்ந்து, ஐசோனியசிட்டோடு நாள்தோறும் சில மில்லிகிராம் பிரிடாக்சின் கொடுத்துவந்தால் இக்கேடு வராமலே காக்கலாம் என்பதனை நிறுவினர். இன்று காசநோயாளிகளுக்கு 10 மில்லிகிராம் பிரிடாக்சின் மாத்திரை உடன் வழங்கப்படுகின்றது. கருவுற்ற மகளிர், நீரிழிவு உடையோர், மதுப்பழக்கம் உடையோர், உடல் மெலிந்தோர் ஆகியோர்க்கு அது இன்றியமையாதது. மிகுதியாக உண்டால் மிகுந்த நன்மை என்றும் எண்ணலாகாது. பிரிடாக்சினையே பேரளவில் நெடுங்காலம் விழுங்கினால் அதுவும் நரம்பைக் கெடுக்கும்.

கால் எரிச்சல் என்பது கேட்பதற்குச் சிறிய குறையாகத் தோன்றலாம். ஆனால் அதன் விளைவு சிறியதன்று. மருந்தினால் துன்பம் வருகின்றது என்று கண்ட நோயாளி என் செய்வான்? ஒருவரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவான். நிறுத்தினால் கிருமி மீண்டும் தலையெடுக்கும். மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறக்கூடும். அவன் இருமலில் அவன் வீட்டுக் குழந்தைகளுக்கும் அந்நோய் பரவும். சில காசு பெறும் வைட்டமின் மாத்திரை ஒன்று இத்தனை கேடுகளுக்கும் முன்னே நின்று வழிமறிக்கின்றது.

ஊட்டக்குறை மருந்தின் போக்கை மாற்றும் வழி இஃது ஒன்று மட்டுமன்று. இரத்தத்தில் அல்புமின் என்னும் புரதம் உள்ளது. பல மருந்துகள் இப்புரதத்தைப் படகாகக் கொண்டு அதில் ஏறிப் பயணம் செய்கின்றன. படகில் இருக்கும் மருந்து வேலை செய்வதில்லை. இறங்கி நிற்பதே வேலை செய்கின்றது. வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபெனிட்டாயின் மருந்தில் நூற்றில் 90 பங்கு படகிலும் 10 பங்கு வெளியிலும் இருக்கும். புரதக் குறைவால் படகுகள் பாதியாகக் குறைந்தால் வெளியில் நிற்பது ஏறத்தாழ 20 பங்காகிவிடும். சோதனைக்கூடத்தில் இரத்தத்தின் மொத்த மருந்தளவை அளந்தால் கணக்குச் சரியாகவே இருக்கும். நோயாளியோ தலைசுற்றித் தள்ளாடி நிற்பான். எண்ணை நம்புவதா, கண்முன் தள்ளாடும் மனிதனை நம்புவதா என்ற இக்கட்டு மருத்துவர்க்கு நேரும். அல்புமினையும் அளந்து பார்க்கத் தெரிந்தவர் இக்கட்டிலிருந்து விடுபடுவர்.

காய்ச்சலுக்கு வீடுதோறும் உண்ணும் பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நஞ்சாக மாறுகின்றது. குளுட்டாத்தயோன் என்னும் பொருள் அந்நஞ்சை உடனுக்குடன் அடக்கிவிடுகின்றது. பல நாள் பட்டினியாலும் புரதக் குறைவாலும் குளுட்டாத்தயோன் குன்றியவர்க்கு அக்காவல் தளர்கின்றது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 35 கிலோ எடையுள்ள ஒருவர்க்கு இது 525 மில்லிகிராம். அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே போதும். கட்டுடல் கொண்ட அண்டை வீட்டார் இரண்டு விழுங்கினார் என்று இவரும் இரண்டு விழுங்கினால், தம் அளவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விழுங்கியவராவார். அதனை நாளுக்கு நான்கு வேளையும் தொடர்ந்தால் கல்லீரல் பொறுக்குமோ?

மெலிந்த உடல் எப்பொழுதும் மருந்தை மெதுவாகவே வெளியேற்றும் என்று எண்ணிவிடுவதும் பிழையாகும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் டாக்டர் கமலா கிருஷ்ணசாமி 1970-களில் இதனை நுணுகி ஆராய்ந்தார். அந்நிறுவனம் குன்னூரில் வேரூன்றிப் பின்னர் 1958-ல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. பசியால் கால் முகம் வீங்கும் அளவுக்கு ஊட்டம் கெட்டவர்களிடத்தில் கல்லீரலின் வேலை மந்தமாகி மருந்து தேங்குவதை அவர் கண்டார். ஆனால் ஓரளவே மெலிந்தவர்களிடத்தில் சில மருந்துகள் வழக்கத்தைவிட விரைவாக வெளியேறுவதையும் அவர் கண்டார். முன்னவர்க்கு வழக்கமான அளவே மிகையாகும். பின்னவர்க்கு அதுவே குறையாகவும் கூடும். ஆகவே மெலிந்தவர்க்கெல்லாம் மருந்தைப் பாதியாக்கு என்னும் எளிய விதி உதவாது.

வறுமைக்கு மட்டுமே உரிய சிக்கல் இது என்று கருதுவோர் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தியாகராய நகரின் அகன்ற தெருக்களிலும் உள்ள வீடுகளை நினைத்துப் பார்த்தல் வேண்டும். பிள்ளைகள் தொலைநாடுகளில் வாழ, முதியோர் தனித்திருக்கும் இல்லங்கள் அங்கே பல. பல் போனமையால் மெல்லுதல் அரிது. ஒருவருக்காகச் சமைப்பதில் சோர்வு. எனவே மூன்று வேளையும் மோர்ச்சோறு அல்லது இரண்டு ரொட்டித் துண்டு. பையில் பணம் இருந்தும் உடலில் புரதம் இல்லை. நீரிழிவுக்காக இவர்கள் உண்ணும் மாத்திரைகளுள் கிளிபென்கிளமைடு போன்றவை, உணவு வந்தாலும் வாராவிடினும் இரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே செல்லும். ஏகாதசியன்று விரதம் இருந்து, மாத்திரையை மட்டும் தவறாது விழுங்கிய முதியவர் நண்பகலில் வியர்த்து மயங்கி விழுதல் அரிய நிகழ்ச்சியன்று. அவரிடம் குறையேதுமில்லை, மருந்தில் ஒழுங்கு, நோன்பில் ஒழுங்கு! இரண்டு ஒழுங்குகளும் ஒருங்கே கூடியதே விபத்தாயிற்று. நோன்புக்கு முன்னரே மருத்துவரைக் கேட்டிருந்தால் அன்றைய மாத்திரையை மாற்றியமைத்திருப்பார்.

இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்போர்க்கும் இத்தகைய கவனம் தேவை. கீரையும் பச்சைக் காய்களும் தரும் வைட்டமின் கே திடீரென்று குறைந்தால் மருந்தின் வேகம் ஓங்கி இரத்தக்கசிவு நேரும்; திடீரென்று மிகுந்தால் மருந்து வலுவிழக்கும்.

அடையாற்றில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனைக்கு இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகள் பல ஊர்களிலிருந்தும் வருகின்றனர். அவர்கட்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து, ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினின் வேலையைத் தடுத்தே புற்றணுக்களை ஒடுக்குகின்றது. ஏற்கெனவே அந்த வைட்டமின் குன்றிய குழந்தைக்கு வாய்ப்புண்ணும் இரத்த அணுக்களின் வீழ்ச்சியும் கடுமையாக வரும். அப்போது மருந்தை நிறுத்தி வைக்க நேரும். நிறுத்திய நாள்களில் நோய் வளரும். குழந்தையை மருந்து வண்டியில் ஏற்றுமுன் எடைத் தட்டில் ஏற்றுவது இதனாலேயாம்.

மீண்டும் காசநோய்க்கு வருவோம். உணவு வேண்டுமா என்னும் பழைய கேள்வி அறுபது ஆண்டுகளுக்குப்பின் புதிய வடிவில் எழுந்தது. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டு மாநிலத்தில் 2,800 காசநோயாளிகளுக்கு மருந்தோடு மாதந்தோறும் உணவுப் பொருள்களும் வழங்கி ஆராய்ந்தனர். சென்னை நிறுவனத்தாரும் அதில் பங்கு கொண்டனர். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பங்கினர்க்கு மேல் ஊட்டம் குன்றியவர்களாகவே வந்திருந்தனர். முதல் இரண்டு மாதங்களில் உடல் எடை நூற்றுக்கு 5 பங்கு கூடியவர்களிடத்தில் இறப்பின் அபாயம் 61 விழுக்காடு குறைந்திருந்தது. 2023-ல் இம்முடிவு வெளியாயிற்று. அரிசியும் பருப்பும் நோயாளியின் குடும்பத்தார்க்கும் தரப்பட்ட ஊர்களில், அவ்வீட்டாரைக் காசநோய் பற்றுவதும் 39 விழுக்காடு குறைந்தது.

1959-ஆம் ஆண்டின் முடிவு பொய்த்ததா? இல்லை. மருந்து கிருமியைக் கொல்லும் என்று அது கூறியது உண்மையே. கிருமி சாகும் வரையில் மனிதன் உயிரோடிருக்க வேண்டுமே. அதற்குச் சோறு வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022-ல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கப்பெற்றது. நோய் கண்டவுடனே சுகாதார ஊழியர் மூன்றினைப் பார்க்கின்றனர். உயரத்துக்கேற்ற எடை எவ்வளவு குறைந்துள்ளது? மூச்சு திணறுகின்றதா? பிறர் தாங்காமல் எழுந்து நிற்க இயலுமா? எலும்பும் தோலுமாக வந்தவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்த்துக்கொள்கின்றனர். அங்கும் அவர்க்கு எடுத்த எடுப்பில் விருந்து படைப்பதில்லை. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று மிகுந்த உணவு தந்தால் இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டு முதலிய உப்புகள் சடுதியில் இறங்கி இதயமே நின்றுவிடக்கூடும். எனவே உணவும் மருந்தைப் போலவே அளந்து, சிறிது சிறிதாகக் கூட்டித் தரப்படுகின்றது. கல்லீரலையும் கண்காணிக்கின்றனர், காசநோய் மருந்துகளால் மஞ்சட்காமாலை வரும் அபாயம் மெலிந்தவர்க்கே மிகுதி.

மாத்திரைகளின் எண்ணிக்கையும் எடைத் தட்டே உரைக்கின்றது. நான்கு மருந்துகளை ஒன்றாக்கிச் செய்த மாத்திரை, 25 முதல் 34 கிலோ வரை எடையுள்ளவர்க்கு நாளொன்றுக்கு 2. 35 முதல் 49 வரை 3. 50 முதல் 64 வரை 4. முதல் நாள் 31 கிலோ எடையோடு பிறர் தோளில் சாய்ந்து வந்தவர், சில வாரங்களுக்குப்பின் 36 கிலோவோடு தாமே நடந்து வந்து தட்டில் ஏறி நிற்கிறார். செவிலியர் முள்ளைப் பார்க்கிறார். அட்டையில் 2 என்ற எண்ணை அடித்துவிட்டு 3 என்று எழுதுகிறார்.